மேஜையில் ஒன்று, கராஜில் ஒன்று: ஒரு பாதுகாப்பு உத்தரவின் 21 நாட்கள்

வடக்கு கலிபோர்னியாவில், குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒரு மையத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். தமிழ் பேசும் பெண் யாராவது கூப்பிட்டால் அந்த அழைப்பு என்னிடம் வரும். அப்படி வந்த ஒரு அழைப்பின் கதை இது. அந்தப் பெண்ணின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்த வரிசையையும், யார் எதைச் செய்தார்கள், எதைச் செய்யாமல் விட்டார்கள் என்பதையும் மாற்றவில்லை. அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். அதனால் இங்கே அவளைத் தங்கை என்றே குறிப்பிடுகிறேன்.

ரெஸ்ட்ரெய்னிங் ஆர்டர் என்று இங்கே எல்லோரும் சொல்லும் பாதுகாப்பு உத்தரவு வந்துவிட்டால் துப்பாக்கி தானாகவே போய்விடும் என்று நானும் நம்பியிருந்தேன். சட்டப்படி 24 மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை இந்தக் குடும்பத்தில் 14 நாள் இழுத்தது. அந்தத் தாமதத்தில் என் பங்கும் இருக்கிறது.

பின்னணி

தங்கைக்கு முப்பதுகளின் பிற்பகுதி. இரண்டு பிள்ளைகள். கணவர் மென்பொருள் துறையில் இருக்கிறார். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. குடியுரிமையை ஏன் சொல்கிறேன் என்றால், எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க இந்த நாட்டின் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வேட்டை உரிமம் போன்ற ஒன்றிரண்டு விலக்குகள்தான் உண்டு. அந்தப் பழக்கத்தில் 'நம்ம ஆளுங்க வீட்டுல துப்பாக்கி ஏது' என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். கிரீன் கார்டு கைக்கு வந்ததும் அந்தத் தடை விலகிவிடுகிறது என்பது நம்மில் பலருக்கு உறைப்பதே இல்லை.

2020ல் பெருந்தொற்றுக் காலத்தில் நாடு முழுக்கத் துப்பாக்கி விற்பனை எகிறியது. இந்தக் கணவரும் அந்த ஆண்டு 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி ஒன்று வாங்கினார். பாதுகாப்புத் தேர்வு எழுதி, சான்றிதழ் வாங்கி, 10 நாள் காத்திருந்து, எல்லாம் முறைப்படி. வாங்கிய புதிதில் அது படுக்கையறை அலமாரியில் ஒரு பெட்டிக்குள் பூட்டியே இருந்தது.

அடி, உதை என்று தங்கை எதையும் சொல்லவில்லை. கையில் காசு கிடையாது, கார் சாவி கேட்டுத்தான் வாங்க வேண்டும், ஊருக்குப் பேசினால் யாரிடம் என்ன பேசினாள் என்று கணக்குச் சொல்ல வேண்டும். இப்படித்தான் பத்து வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது.

2023 இலையுதிர் காலம், ஒரு வியாழக்கிழமை இரவு. அம்மாவின் முழங்கால் ஆபரேஷனுக்குக் கணவரைக் கேட்காமல் 800 டாலர் அனுப்பியிருக்கிறாள். அது தெரிந்ததும் அவர் சத்தம் எதுவும் போடவில்லை. உள்ளே போய்க் கைத்துப்பாக்கியை எடுத்துவந்து, சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டிருக்கிறார்.

"ஒரு வார்த்தை பேசல அக்கா. சாப்பிட்டு முடிச்சு, தட்டைக் கழுவி வச்சுட்டு, அப்புறம்தான் அதை எடுத்துக்கிட்டு உள்ள போனார். அதுவரைக்கும் நான் நின்னுக்கிட்டே இருந்தேன்."

வெள்ளியும் சனியும் இதேதான். ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் இன்னொரு அம்மா இவள் முகத்தைப் பார்த்துவிட்டு எங்கள் எண்ணைக் கொடுத்தார்.

அந்த வியாழன் இரவே 911 என்ற அவசர உதவி எண்ணைக் கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அச்சுறுத்தலோ தாக்குதலோ நடந்த வீட்டுக்குப் போகும் போலீஸ், கண்ணெதிரே துப்பாக்கி இருந்தால் அதைத் தற்காலிகமாக எடுத்துப் போக வேண்டும் என்று கலிபோர்னியா சட்டம் சொல்கிறது. அங்கிருந்தே நீதிபதிக்குப் போன் போட்டு, ஒரு வாரத்துக்குள் முடியும் அவசர உத்தரவும் வாங்க முடியும். தங்கைக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் கூப்பிட்டிருப்பாளா என்பது வேறு கேள்வி. "போலீஸ் வந்தா அவர் வேலை போயிடும், வேலை போனா வீடு போயிடும்" என்றாள்.

முதல் சந்திப்பும் மனுவும்

திங்கட்கிழமை மையத்தில் சந்தித்தோம். வழக்கமாகக் கேட்கும் ஆபத்துக் கேள்விகளைக் கேட்டோம். துப்பாக்கி பற்றிய கேள்வி அந்தப் பட்டியலில் முன்னால் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் 11 நகரங்களில் நடந்து 2003ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, துன்புறுத்தும் கணவன் கையில் துப்பாக்கி கிடைக்கும் நிலை இருந்தால் அந்தப் பெண் கொல்லப்படும் வாய்ப்பு ஐந்து மடங்கு கூடுகிறது என்று காட்டியது. 'சுடவில்லையே, குறிகூட வைக்கவில்லையே' என்று ஊரிலிருந்து போனில் சொன்னவர்களுக்கு நான் இதைத்தான் சொன்னேன்.

இரண்டு முடிவுகள் எடுத்தோம். ஒன்று, குடும்ப நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்பது. இன்னொன்று, கணவரை வீட்டைவிட்டு வெளியேற்றச் சொல்லிக் கேட்காமல் தங்கையும் பிள்ளைகளும் தோழி ஒருத்தியின் வீட்டுக்குப் போய்விடுவது. அவரை வெளியேற்றச் சொல்லிக் கேட்கச் சட்டத்தில் இடம் இருந்தது. ஆனால் பெண் பிரிந்து போகும் அந்த நாட்கள்தான் மிக ஆபத்தானவை. துப்பாக்கி இன்னும் அவர் கையில் இருக்கிறது, வீட்டின் ஒவ்வொரு கதவும் ஜன்னலும் அவருக்குத் தெரியும். அந்த வீட்டில் அவள் இரவு தூங்க முடியாது. இந்த முடிவு சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

டி.வி.-100 என்பது மனுப் படிவம். கட்டணம் கிடையாது. ஷெரிஃப் அலுவலகம் (கவுண்டி என்று இங்கே சொல்லும் மாவட்டத்தின் போலீஸ் துறை) உத்தரவைக் கொண்டுபோய் நேரில் கொடுப்பதற்கும் காசு இல்லை. இந்தப் படிவங்கள் ஸ்பானிஷ், சீனம், கொரியன், வியட்நாமியம் போன்ற மொழிகளில் கிடைக்கின்றன, தமிழில் இல்லை. ஆகவே நான் ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொல்ல, அவள் பதில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் எழுதினேன். எதிர்த்தரப்பிடம் துப்பாக்கிகள், துப்பாக்கிப் பாகங்கள், தோட்டாக்கள் இருக்கின்றனவா, எத்தனை, எங்கே என்று அந்தப் படிவம் கேட்கிறது. பன்மையில் கேட்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனி வரி விட்டிருக்கிறது.

நான் கேட்டது இது: "அந்தத் துப்பாக்கியை எங்க வச்சிருக்கார்?"

அவள் சொன்னாள்: "பெட்ரூம் அலமாரியில."

ஒரு வரி எழுதினேன். கைத்துப்பாக்கி, ஒன்று, படுக்கையறை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

நாள் 1 முதல் நாள் 6 வரை

புதன்கிழமை மனு போட்டோம். அன்று மாலையே நீதிபதி தற்காலிக உத்தரவில் கையெழுத்திட்டார். விசாரணைக்கு 21ஆம் நாள் குறித்தார்கள்.

உத்தரவில் துப்பாக்கித் தடை தானாகவே சேர்ந்து வரும். அதைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. கலிபோர்னியா குடும்பச் சட்டத்தின் 6389ஆம் பிரிவு இதில் கண்டிப்பாக இருக்கிறது. உத்தரவு கையில் கிடைத்த பிறகு துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது, வாங்கவும் கூடாது. கொண்டுவரும் அதிகாரி கேட்டால் அங்கேயே கொடுத்துவிட வேண்டும். அவர் கேட்காவிட்டால் 24 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும், இல்லையென்றால் உரிமம் பெற்ற கடையில் விற்கவோ வைக்கவோ வேண்டும். அதற்கான ரசீதை 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். கூட்டாட்சிச் சட்டத்திலும் 1994 முதல் இப்படி ஒரு தடை இருக்கிறது. ஆனால் அது எதிர்த்தரப்புக்குத் தகவல் கொடுத்து விசாரித்த பிறகு வரும் உத்தரவுக்குத்தான் பொருந்தும். துப்பாக்கியை யார் போய் வாங்க வேண்டும், எப்போது என்று அது எதுவும் சொல்வதில்லை. தற்காலிக உத்தரவு ஓடும் அந்த முதல் மூன்று வாரங்களில் மாநிலச் சட்டம்தான் துணை.

வெள்ளிக்கிழமை மாலை, 3ஆம் நாள், ஷெரிஃப் அலுவலகத்தின் டெபுடி ஒருவர் கணவரிடம் உத்தரவைக் கொடுத்தார். வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். "இருந்தது, போன வருஷமே நண்பருக்கு வித்துட்டேன்" என்று பதில் வந்திருக்கிறது. டெபுடி உத்தரவைக் கொடுத்த சான்றில் கையெழுத்திட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். எங்கள் மனுவில் துப்பாக்கி எந்த அறையில் இருக்கிறது என்பது வரை எழுதியிருந்தது. அந்தத் தாளை அவர் பார்த்தாரா என்று எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

சனி, ஞாயிறு போயின. திங்கட்கிழமை காலை நீதிமன்றக் கோப்பைப் பார்த்தோம். ரசீது எதுவும் தாக்கலாகவில்லை.

நாள் 7: வட்டம்

இந்த ஒரு நாளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சட்டம் எழுதியவர்கள் நினைத்தே பார்த்திராத இடத்தில் நாங்கள் மாட்டிக்கொண்டது இந்த நாளில்தான்.

காலை 9 மணிக்கு ஊர்ப் போலீஸ் நிலையத்தைக் கூப்பிட்டேன். உத்தரவைக் கொடுத்தது ஷெரிஃப் அலுவலகம், அவர்களைக் கேளுங்கள் என்றார்கள். ஷெரிஃபின் சிவில் பிரிவைக் கூப்பிட்டேன். "நாங்கள் காகிதத்தைக் கொடுப்பதோடு சரி. ஒப்படைத்தாரா இல்லையா என்று பார்ப்பது நீதிமன்றம்" என்றார்கள். நீதிமன்ற எழுத்தரிடம் போனேன். பொறுமையாகப் பேசினார், பாவம். விசாரணை நாளில் நீதிபதி கேட்பார், அதற்கு முன் ஏதாவது நடந்தால் போலீஸைக் கூப்பிடுங்கள் என்றார். மறுபடி போலீஸ். "அவர் இப்போது மிரட்டுகிறாரா? வீட்டுப் பக்கம் வந்தாரா? வரவில்லை என்றால் எங்களிடம் புகார் இல்லையே."

மதியம் ஒரு மணி. நான்கு பேரும் சொன்னது அவரவர் அளவில் சரி. நால்வரையும் சேர்த்துப் பார்த்தால், தடை செய்யப்பட்ட ஒருவரிடம் இருக்கும் துப்பாக்கியைக் கேட்க அந்தக் கவுண்டியில் ஆளே இல்லை.

2022 முதல் நடைமுறையில் இருக்கும் ஒரு சட்டத் திருத்தம் இந்த ஓட்டையை ஓரளவு அடைக்கிறது. ஒப்படைத்தாரா என்று நீதிமன்றமே சரிபார்க்க வேண்டும். ஒப்படைக்கவில்லை என்று கண்டால் அரசு வழக்கறிஞருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் பெரும்பாலும் நீதிபதி இதைப் பார்ப்பது விசாரணை நாளில்தான். எங்களுக்கு அது இன்னும் இரண்டு வாரம் தள்ளி இருந்தது.

போலீஸ் வரவில்லை என்றால் வழக்குப் போடலாமே என்று தங்கையின் தோழி கேட்டாள். கொலராடோவில் 1999ல் ஒரு தாய், தடை உத்தரவு இருந்த கணவன் மூன்று பெண் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று இரவெல்லாம் போலீஸிடம் கெஞ்சினார். அன்று சாயங்காலம்தான் அவன் ஒரு துப்பாக்கி வாங்கியிருந்தான். குழந்தைகள் மூவரும் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005ல், உத்தரவை அமல்படுத்தச் சொல்லிக் கேட்க அந்தத் தாய்க்கு அரசியலமைப்பு உரிமை எதுவும் இல்லை என்று 7-க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதைப் படித்த நாள் முதல், 'உத்தரவு இருக்கே, அவங்க பார்த்துப்பாங்க' என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

முன்னால் இருந்தவை மூன்று வழிகள். விசாரணை வரை காத்திருக்கலாம். இலவச சட்ட உதவி வழக்கறிஞர் மூலம் முன்கூட்டியே நீதிபதியின் கவனத்துக்குக் கொண்டுபோகலாம். போலீஸில் குடும்ப வன்முறை வழக்குகளைப் பார்க்கும் டிடெக்டிவ் யாரையாவது நேரடியாகப் பிடிக்கலாம். காத்திருப்பது என்பதைத் தங்கை பேச்சுக்கே எடுக்கவில்லை. "தோழி வீட்டு வாசல்ல கார் நின்னாலே பசங்க என் மூஞ்சியப் பாக்குறாங்க அக்கா." மற்ற இரண்டையும் சேர்த்தே செய்தோம்.

நாள் 8 முதல் நாள் 10 வரை: கைத்துப்பாக்கி

டிடெக்டிவ் புதன்கிழமை திருப்பிக் கூப்பிட்டார். மாநிலத்தின் துப்பாக்கிப் பதிவேட்டில் கணவரின் பெயரைப் போட்டுப் பார்த்தார். 2020ல் வாங்கிய கைத்துப்பாக்கி இன்னும் அவர் பெயரிலேயே இருந்தது. இந்த மாநிலத்தில் நண்பருக்கு விற்றாலும் உரிமம் பெற்ற கடை வழியாகத்தான் விற்க வேண்டும். அப்படி விற்றிருந்தால் பதிவு மாறியிருக்கும். ஒன்று, நண்பருக்கு விற்றேன் என்பது பொய். இல்லையென்றால் அந்த விற்பனையே குற்றம். இந்த ஒரு தேடலுக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமை அந்த வாசலில் நின்ற டெபுடி கையில் இந்தத் தகவல் இருந்திருந்தால் கதை அங்கேயே வேறு மாதிரி போயிருக்கும்.

டிடெக்டிவ் போன் செய்து இதைச் சொன்னதும் கணவர் மறுபேச்சுப் பேசவில்லை. வெள்ளிக்கிழமை காரின் டிக்கியில் பூட்டிய பெட்டியில் கொண்டுவந்து, நிலையத்துக்கு வெளியே நின்று போன் செய்து, சொன்னபடி ஒப்படைத்தார். டி.வி.-800 என்ற ரசீதுப் படிவம் அன்றே நீதிமன்றத்தில் தாக்கலானது. அதன் நகலை நான் பார்த்தேன். கைத்துப்பாக்கி ஒன்று, தோட்டா போடும் மேகசின் ஒன்று. இவை தவிர வேறு துப்பாக்கிகள் உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்ற கட்டத்தில் குறி. கீழே கையெழுத்து. பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற வாசகத்தோடு.

தோட்டாவுக்கான இடம் காலியாக இருந்தது. மூன்று வருஷம் கைத்துப்பாக்கி வைத்திருந்தவரிடம் ஒரு தோட்டாகூடவா இருக்காது? எனக்கு அப்போது தோன்றவில்லை. ரசீது வந்துவிட்டது என்ற நிம்மதியில் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

நாள் 14: "அந்த நீளமானது?"

விசாரணைக்கு ஒரு வாரம் முன்னால், தங்கை என்ன சொல்லப் போகிறாள் என்பதைத் தயார் செய்ய உட்கார்ந்தோம். உத்தரவின் முக்கியப் பகுதிகளைத் தமிழில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். 'எல்லா வகைத் துப்பாக்கிகளும், அவற்றின் பாகங்களும், தோட்டாக்களும்' என்ற வரியை அவள் விரல் வைத்துப் படித்தாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

"அப்ப அந்த நீளமானதும் இதுல வருமா அக்கா?"

2012ல், கல்யாணமான புதிதில், கணவர் அலுவலக நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போயிருக்கிறார். அப்போது ஒரு ரைஃபிள் வாங்கியிருக்கிறார். இரண்டே தடவைதான் போனாராம். அதன் பிறகு அது கராஜ் பரணில், பழைய வேட்டி ஒன்றில் சுற்றி, பச்சைப் பையில் கிடக்கிறது. தங்கைக்கு அது 'வேட்டைச் சாமான்'. கூடாரம், தூக்கப் பை, அடுப்பு இவற்றோடு சேர்ந்த ஒன்று. துப்பாக்கி என்று நான் கேட்டபோது மேஜையில் ஊறுகாய் பாட்டில் பக்கத்தில் இருந்ததுதான் அவள் கண்முன் வந்தது. நான் கேட்டதும் அதை மட்டும்தானே.

"நானே போய் எடுத்துட்டு வந்துடவா? சாவி எங்கிட்ட இருக்கு" என்றாள். வேண்டவே வேண்டாம் என்றோம். அவர் வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்பது முதல் காரணம். துப்பாக்கியைக் கையாளத் தெரியாதவர் அதைத் தொடவே கூடாது. வேறொருவர் பெயரில் இருக்கும் துப்பாக்கியை எடுத்துப் போவதால் அவளுக்கே சட்டச் சிக்கல் வரலாம் என்று வழக்கறிஞரும் எச்சரித்தார்.

மறுநாள் டிடெக்டிவ் பதிவேட்டில் தேடினார். ரைஃபிள் இல்லை. அவர் அதற்குச் சொன்ன காரணம் எனக்குப் புதிது. கலிபோர்னியாவில் ரைஃபிள், ஷாட்கன் போன்ற நீளத் துப்பாக்கிகளின் விற்பனை விவரத்தை மாநிலம் சேர்த்து வைக்கத் தொடங்கியது 2014 ஜனவரி 1 முதல்தான். அதற்கு முன் முறையாகக் கடையில் வாங்கியிருந்தாலும் பதிவேட்டில் தடம் இருக்காது. 2012ல் வாங்கிய ரைஃபிளுக்குச் சாட்சி அந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் மட்டும்தான்.

தங்கை தன் போனில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். 2017 தீபாவளி. மகன் புது சைக்கிளில் உட்கார்ந்து பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். இடம் கராஜ். அவன் தலைக்கு மேலே பரணில், பச்சைப் பையின் ஒரு முனையும், ஜிப் மூடாத இடத்தில் மரக்கட்டைப் பிடியும் தெரிகின்றன. அதே படத்தை அவள் தன் அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறாள், எங்கள் எல்லோருக்கும் அது சைக்கிள் படம்.

நாள் 17: வாரண்ட்

உத்தரவு கையில் கிடைத்தும் துப்பாக்கியை ஒப்படைக்காத ஒருவரின் வீட்டைச் சோதிக்க வாரண்ட் கேட்க இந்த மாநிலத்தின் தண்டனைச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது. தங்கையின் எழுத்து மூல வாக்குமூலம், அந்தப் படம், முதல் துப்பாக்கி பற்றி ஏற்கெனவே சொன்ன பொய், 'வேறு இல்லை' என்று கையெழுத்திட்ட படிவம். இந்த நான்கையும் வைத்து டிடெக்டிவ் வாரண்ட் வாங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை, பிள்ளைகள் பள்ளியில் இருந்த நேரம் பார்த்துச் சோதனை நடந்தது. கணவர் ஒத்துழைத்தார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ரைஃபிள் பரணில் இல்லை. அவருடைய காரின் பின்சீட்டுக்குக் கீழே இருந்தது. அதே பச்சைப் பை. வேட்டி மட்டும் இல்லை. கராஜ் அலமாரியில் ரைஃபிளுக்கும் கைத்துப்பாக்கிக்குமான தோட்டாப் பெட்டிகள் கிடைத்தன.

பல வருஷமாக யாரும் தொடாத பை எப்போது, எதற்காகக் காருக்கு வந்தது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. இதைத் தங்கையிடம் போனில் சொன்னது நான்தான். எதிர்முனையில் ரொம்ப நேரம் குக்கர் விசில் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

நாள் 21: விசாரணை

கணவர் வழக்கறிஞரோடு வந்தார். துப்பாக்கி பற்றிய கேள்விகளுக்குத் தனக்கே எதிராகச் சாட்சி சொல்லாமல் இருக்கும் உரிமையைச் சொல்லிப் பேச மறுத்தார். அந்த ஆண்டு பிப்ரவரியில் டெக்சாஸ் பக்கத்து ஐந்தாவது சர்க்யூட் என்ற கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், ரஹீமி என்பவரின் வழக்கில், கூட்டாட்சித் தடை அரசியலமைப்புக்கு முரணானது என்று சொல்லியிருந்தது. வழக்கறிஞர் அதை எடுத்துக் காட்டினார். அது இங்கே கட்டுப்படுத்தாது, மாநிலச் சட்டம் அப்படியே இருக்கிறது என்று நீதிபதி இரண்டு வாக்கியத்தில் முடித்தார். பின்னர் 2024 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை 8-க்கு 1 என்று மாற்றியது. இன்னொருவரின் உயிருக்கு அச்சுறுத்தல் என்று நீதிமன்றம் கண்டறிந்தவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக விலக்கி வைக்கலாம் என்றது. அதுவரை எத்தனை பெண்கள் என்ன ஆகுமோ என்று செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை எங்கள் மையத்தின் போன் அறியும்.

மூன்று ஆண்டுகளுக்கு உத்தரவு கிடைத்தது. ஒப்படைப்பு விதியை மீறியதாக நீதிபதி பதிவு செய்து அரசு வழக்கறிஞருக்கு அனுப்பினார்.

அதன் பிறகு

உத்தரவை மீறியதற்காகக் கணவர் மேல் வழக்குப் பதிவானது. அது விசாரணைக்குப் போகாமல், அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதோடு முடிந்தது. நடுவில் அவருடைய அண்ணன் தங்கையின் அப்பாவைக் கூப்பிட்டு, "புருஷன திருடன் மாதிரி சோதனை போட வச்சுட்டா உங்க பொண்ணு" என்று பேசியிருக்கிறார். மற்றவர் மூலம் செய்தி அனுப்புவதும் உத்தரவில் தடை செய்யப்பட்டதே. வழக்கறிஞர் ஒரு கடிதம் எழுதினார், அத்தோடு நின்றது. அப்பா மட்டும் சில மாதம் மகளிடம் பேசவில்லை. அம்மா பேசினார். தங்கை இப்போது ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை செய்கிறாள்.

என்ன மாற்ற வேண்டும்

எங்கள் பக்கம் மாற்றியது முதலில். துப்பாக்கி பற்றி இப்போது ஒருமையில் கேட்பதில்லை. கைத்துப்பாக்கி, ரைஃபிள், ஷாட்கன், பிரித்துப் போட்ட பாகங்கள், தோட்டாப் பெட்டி என்று படங்கள் உள்ள ஒரு தாளை முன்னால் வைத்து, "இதுல எதையாவது எப்பவாவது வீட்டுல, கராஜ்ல, கார்ல, ஸ்டோரேஜ்ல பார்த்திருக்கீங்களா?" என்று கேட்கிறோம். 2014க்கு முன் வேட்டைக்குப் போனாரா என்பது தனிக் கேள்வி. பழைய படங்களைத் தேடச் சொல்கிறோம், பிறந்த நாள், தீபாவளி, வீடு மாறிய நாள். தமிழாக்கத்தை விசாரணைக்கு முன் கொடுப்பது என்றிருந்ததை மனு போடும் நாளுக்கு மாற்றிவிட்டோம். நான் அன்றைக்கே எழுதிக் கொடுத்திருந்தால் 14ஆம் நாள் கேட்ட கேள்வியை அவள் முதல் நாளே கேட்டிருப்பாள். ரசீது வந்தால் எழுதியிருப்பதை மட்டும் பார்க்காமல், எழுதாமல் விட்ட வரிகளையும் பார்க்கிறோம்.

அரசாங்கத்தின் பக்கம் கேட்பது ஒன்றுதான்: உத்தரவைக் கொடுக்கப் போகும் ஆளின் கையில் மனுவின் துப்பாக்கிப் பக்கமும் பதிவேட்டுத் தேடலும் இருக்க வேண்டும், ஒப்படைத்தாரா என்று மூன்றாம் நாள் கேட்கப் பெயர் குறித்த ஒரு ஆள் வேண்டும். முடியாத காரியம் இல்லை. இதே மாநிலத்தின் சான் மேட்டியோ கவுண்டியில் ஒவ்வொரு உத்தரவையும் படித்துப் பார்த்துத் துப்பாக்கியைத் தேடிப் போக டிடெக்டிவ் ஒருவரை நியமித்துப் பார்த்தார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுண்டியில் 2018 முதல் வழக்கறிஞர்கள், போலீஸ், பாதிக்கப்பட்டவர்களோடு பேசுபவர்கள் எல்லோரும் ஒரே பிரிவில் உட்கார்ந்து இதையே வேலையாகச் செய்கிறார்கள். எங்கள் கவுண்டியில் இப்போதும் எந்த டிடெக்டிவ் திருப்பிக் கூப்பிடுகிறார் என்பதைப் பொறுத்தே இருக்கிறது. மாநிலம் முழுவதும் தடை இருந்தும் துப்பாக்கி வைத்திருப்பதாகப் பதிவேடு காட்டும் ஆட்கள் 20,000 பேருக்கு மேல். தங்கையின் கணவர் பெயர் ரைஃபிளுக்காக அந்தப் பட்டியலில் ஒருபோதும் வந்திருக்காது.

உத்தரவு 2026 இலையுதிர் காலத்தில் முடிகிறது. முடிவதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் நீட்டிக்கக் கேட்கலாம். வேறு தடை எதுவும் இல்லாமல் உத்தரவும் காலாவதியானால், மாநில நீதித் துறையின் பின்னணிச் சோதனை முடிந்து துப்பாக்கிகளைத் திருப்பிக் கேட்கவும் வழி இருக்கிறது. போன வாரம் தங்கையின் புது அடுக்ககத்துக்குப் போயிருந்தேன். ஃபிரிட்ஜ் கதவில் தமிழ்க் காலண்டர். ஆடி மாதத்தில் ஒரு தேதியைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் 'அக்காவக் கூப்பிடணும்' என்று மகன் கையெழுத்தில் எழுதியிருந்தது.